ஓடு, நார், வார்

சம்பா அறுவடை முடிகிற தை, மாசி நாட்களில் திருக்காட்டுப்பள்ளிச் சுற்றுவட்டாரத்தில் தார்ச்சாலையின் ஒரு பாதி நெல் காயும் களமாகிவிடும். கல்லணைக்கும் திருவையாற்றுக்கும் பூதலூருக்கும் போகிற இருசக்கர வண்டிகள் மீதிப் பாதியில்தான் ஓட வேண்டும். சிதறிக் கிடக்கும் நெல்மணிகள் மேல் சக்கரம் ஏறினால் வழுக்கும். அப்படிப் போகிறவர்களில் சிலருடைய ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருக்கும். சிலருக்கு முழங்கையில் தொங்கும். இன்னும் சிலருக்குத் தலையிலேயே இருக்கும். ஆனால் தாடை வார் மாட்டப்படாமல் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.

முதல் இரண்டு வகையினருக்கும் தாங்கள் வெறுந்தலையோடு போவது தெரியும். மூன்றாம் வகையினர்தான் தங்களுக்குப் பாதுகாப்பு இருப்பதாக நம்பிப் போகிறார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பதை மோட்டார் பந்தய உலகம் முழுதாக உணர அறுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

ஹெல்மெட் எப்படித் தலையைக் காக்கிறது என்பதைத் தென்னந்தோப்பில் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். ஐம்பதடி மரத்திலிருந்து நெற்று விழுகிறது. தரையில் மோதி ஒருமுறை குதித்து உருண்டு நிற்கிறது. உள்ளே ஓடு உடைவதில்லை. அதே காயை உரித்துக் குடுமியோடு கோயில் வாசல் கல்லில் வீசினால், ஓர் ஆள் உயரத்திலிருந்தே சிதறுகாயாகிவிடுகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் நடுவில் இருக்கும் நார்தான். மோதும்போது நார் நசுங்குகிறது. நசுங்குகிற அந்த நேரம் முழுக்கக் காய் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் இழக்கிறது. உரித்த காய்க்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

மனிதத் தலைக்கும் இதே கணக்குதான். 1.8 மீட்டர் உயரத்திலிருந்து தலை தரையில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். மோதும் வேகம் மணிக்கு சுமார் 21 கிலோமீட்டர். வெறுந்தலை 2 மில்லிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிட்டால், அது தாங்க வேண்டிய வேகக்குறைப்பு புவியீர்ப்பைப் போல் 900 மடங்கு. அதே தலை 20 மில்லிமீட்டர் நசுங்கும் பொருளுக்குள் அமிழ்ந்து நின்றால் 90 மடங்கு போதும். நீரில் மிதக்கும் பொருளாக மண்டைக்குள் இருக்கிற மூளைக்கு, உயிருக்கும் சாவுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி அந்தச் சில மில்லிமீட்டர்களில் அடங்கியிருக்கிறது.

ஆக, நல்ல ஹெல்மெட்டுக்கு மூன்று வேண்டும். கூரான கல்லோ கம்பியோ உள்ளே நுழையாமல் தடுக்க ஓடு. நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்ள நார். இந்த இரண்டையும் தலையோடு ஒட்டவைக்க வார். பந்தயங்களில் இந்த மூன்றும் இதே வரிசையில், ஒவ்வொன்றாக, பல உயிர்களை விலை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தன.

இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மருத்துவராக இருந்தவர் எரிக் கார்ட்னர். தலையில் அடிபட்ட மோட்டார் சைக்கிள் வீரர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் தம்மிடம் வருவதை 1914 வாக்கில் அவர் கவனித்தார். கித்தான் துணியை அரக்கில் தோய்த்துக் கெட்டியாக்கி, அடி பட்டால் சறுக்கிப் போகும்படி வழுவழுப்பான ஒரு தொப்பியை வடிவமைத்து, லண்டனில் ஒருவரைக் கொண்டு செய்வித்தார். மோட்டார் சைக்கிள் சங்கம் முதலில் அதை ஒதுக்கித் தள்ளியது. பிறகு மனம் மாறி, அந்த ஆண்டு மேன் தீவுப் பந்தயத்தில் அதைக் கட்டாயமாக்கியது. வீரர்கள் முணுமுணுத்தார்கள். கார்ட்னர் 94 தொப்பிகளோடு தீவுக்குப் போனார். அந்தப் பந்தயத்தில் ஒரு வீரர் கதவொன்றில் மோதியும் தொப்பியால் தப்பினார். மற்ற ஆண்டுகளில் பந்தயம் முடிந்ததும் மூளை அதிர்ச்சியோடு சிலர் வருவார்கள், இம்முறை ஒருவரும் வரவில்லை என்று தீவின் மருத்துவ அதிகாரி பின்னர் அவருக்கு எழுதினார்.

இவ்வளவு தெளிவான சான்று இருந்தும், பந்தயத்துக்கு வெளியே அது பரவவில்லை. 1935-ஆம் ஆண்டு மே மாதம், ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று பெயர் பெற்ற டி. இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிளிலிருந்து வெறுந்தலையோடு தூக்கி எறியப்பட்டு, ஆறாம் நாள் இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவரான மூளை அறுவை மருத்துவர் ஹியூ கெய்ன்ஸ் அதை அப்படியே விட்டுவிடவில்லை. மோட்டார் சைக்கிள் விபத்துகளில் ஏற்பட்ட தலைக் காயங்களைத் தேடித் தொகுத்து, 1941-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஹெல்மெட்டின் தேவையை எழுதினார். அந்த ஆண்டே பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது.

கார் பந்தயம் இன்னும் மெதுவாக நகர்ந்தது. ஃபார்முலா 1 உலகப் போட்டி 1950-இல் தொடங்கியபோது துணிக்குல்லாயும் கண்ணாடியுமே ஓட்டுநரின் தலையணி. காற்றில் முடி பறக்காமல் இருக்க அது உதவும்; வேறெதற்கும் உதவாது. 1952-இல்தான் கெட்டி ஹெல்மெட் கட்டாயமானது. அந்த ஆண்டு ஜூன் மாதம் இத்தாலியின் மோன்சா தடத்தில் ஹுவான் மானுவேல் ஃபாஞ்சியோ காரிலிருந்து தூக்கி எறியப்பட்டுக் கழுத்தெலும்பு முறிந்தார். தலையில் ஹெல்மெட் இருந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தவர், ஏற்கெனவே வென்றிருந்த ஒரு உலகப் பட்டத்தோடு மேலும் நான்கை வென்றார்.

அந்தக் காலத்து ஹெல்மெட் கவிழ்த்த கிண்ணம் போல் இருக்கும். காதுக்கு மேலேயே முடிந்துவிடும். காதை மூடத் தோல் மடிப்புகள். ஓட்டுக்கும் உச்சந்தலைக்கும் நடுவே நாடாக்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய ஒரு வலை. மூட்டை தூக்குகிறவர் வைத்துக்கொள்ளும் சும்மாடு பாரத்தைத் தலை முழுக்கப் பரப்புவது போல, அந்த வலை அடியைக் கொஞ்சம் பரப்பியது. ஆனால் விழுகிற வேகத்தை உறிஞ்ச அதனால் முடியாது. ஓடு வந்துவிட்டது, நார் இன்னும் வரவில்லை.

நாரைக் கொண்டுவந்தது கலிஃபோர்னியா. அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த சார்லஸ் லம்பார்டும் ஹெர்மன் ராத்தும், நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும் உட்பகுதி கொண்ட ஹெல்மெட்டுக்கு 1947-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1953-இல் கிடைத்தது. 1954-இல் ராய் ரிக்டர் என்ற பந்தய உதிரிபாக வியாபாரி ‘பெல் 500’ என்ற ஹெல்மெட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். கண்ணாடியிழை ஓடு, உள்ளே நசுங்கும் அடுக்கு. சில ஆண்டுகளில் அந்த அடுக்கு, நாம் தெர்மகோல் என்று சொல்கிற பொருளாக மாறியது. டி.வி. பெட்டிக்குள் பொதிந்து வருகிற அதே குடும்பத்துப் பொருள்தான், இன்னும் அடர்த்தியாக. ஒருமுறை நசுங்கினால் பழைய நிலைக்குத் திரும்பாது. ஒரே ஒரு பெரிய அடிக்காகவே செய்யப்பட்டது அது.

பீட் ஸ்நெல் என்ற அமெரிக்கப் பந்தய ஓட்டுநர் 1956-இல் விபத்தில் இறந்தார். அவர் தலையில் ஹெல்மெட் இருந்தது, அது காக்கவில்லை. அடுத்த ஆண்டே மருத்துவர் ஜார்ஜ் ஸ்னைவ்லியும் மற்றவர்களும் ஸ்நெல் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, ஹெல்மெட்டுகளை உயரத்திலிருந்து போட்டுச் சோதித்துத் தரம் வகுத்தார்கள். எது காக்கும், எது காக்காது என்பதை விளம்பரத்தை நம்பாமல் அளந்து சொல்லும் வழக்கம் அங்கிருந்து வலுப்பெற்றது.

லம்பார்டுக்குக் காப்புரிமை கிடைத்த அதே 1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பிறந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. அதில்தான் தமிழ்நாட்டின் மோட்டார் பந்தயம் வளர்ந்தது. விமானத்துக்காகப் போட்ட நீண்ட நேர்க்கோடு வேகத்துக்கு வசதி. அதன் முனையில் திடீரென்று திரும்ப வேண்டியிருப்பது ஆபத்து. புல்லட்டும் யெஸ்டியும் ஓடிய அதே தடத்தில் கோயம்புத்தூர் கரிவர்தனின் கார்களும், விஜய் மல்லையா வாங்கி வந்த பழைய ஃபார்முலா 1 காரும் ஓடின. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த காலம் அது. வெளிநாட்டு வீரர் கடையில் நுழைந்து தன் தலை அளவுக்குப் புதிதாக வாங்குகிற பொருள், இங்கே எளிதில் கைக்கு வராது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் திறந்த பிறகே சோழவரத்தின் காலம் முடிந்தது.

இதற்கிடையே, 1968-இல் அமெரிக்க வீரர் டான் கர்னி ஜெர்மன் கிராண்ட் பிரிக்கு ஒரு புதுவகை ஹெல்மெட்டோடு வந்தார். ஆறடிக்கு மேல் உயரமானவர். காரில் உட்கார்ந்தால் முகம் காற்றுக்கும் கல்லுக்கும் நேரே நிற்கும். அதுவரை கிராண்ட் பிரி வீரர்களின் முகம் திறந்தே இருந்தது. கர்னி போட்டிருந்த ‘பெல் ஸ்டார்’ தாடையையும் சேர்த்து மூடியது. இன்று சாலையில் பார்க்கிற முழுமுக ஹெல்மெட்டின் மூதாதை அது.

ஓடும் நாரும் கூடிவிட்டன. தலையோடு பொருந்துவதில் இருந்த ஓட்டையைத் தீ காட்டியது.

1976 ஆகஸ்ட் 1. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் நிக்கி லாவ்டாவின் ஃபெராரி கரையில் மோதித் தீப்பிடித்தது. அவர் போட்டிருந்தது மாற்றியமைக்கப்பட்ட ஹெல்மெட். மோதலில் உள்நுரை அமுங்கியதால் அது தலையிலிருந்து கழன்றுவிட்டது. ஆர்த்துரோ மெர்சாரியோவும் இன்னும் மூன்று சக ஓட்டுநர்களும் தீக்குள் இறங்கி அவரை வெளியே இழுப்பதற்குள் நெருப்பு நெற்றியையும் காதையும் தின்றுவிட்டது. ஆறே வாரத்தில், காயம் உறுத்தாதபடி தனியாகத் திருத்திய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு மோன்சாவில் ஓட்டி நான்காவதாக வந்தார் லாவ்டா. ஆனால் அந்த முகத்தழும்பு அவருடன் கடைசிவரை இருந்தது. விலையுயர்ந்த ஓடும் நல்ல நுரையும் தலையில் தங்காதபோது எதற்கும் உதவாது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று பந்தய வரலாற்றில் இல்லை.

ஹெல்மெட் கழல்வதற்குக் காரணங்கள் சில உண்டு. அளவு பெரிதாக இருந்தால், மோதும் கணத்தில் தலை உள்ளே தனியாக நகரும். பானைக்குள் போட்ட உரித்த காய் போல, முதலில் பானை மோதும், பிறகு பானையில் காய் மோதும். பழைய கிண்ண ஹெல்மெட்டுகளில் வாரின் நடுவே முகவாய்க்கு ஒரு தோல் குப்பி இருந்தது. இழுப்பில் அது முகவாயை விட்டு வழுக்கிவிடும். பின்னாளில் ஐரோப்பியத் தரவிதிகள் அந்தக் குப்பியையே விலக்கின. வார் தாடைக்கு அடியில், தொண்டையை ஒட்டி ஓட வேண்டும் என்றாயிற்று. பின்பக்க விளிம்பைக் கொக்கியிட்டு முன்னால் இழுத்து, கழல்கிறதா என்று பார்க்கும் சோதனையும் தரவிதிகளில் சேர்ந்தது. பந்தயத்தில் வாரின் கதை இன்னும் நீண்டது. மோதலில் தலை முன்னால் பாய்ந்து கழுத்து முறியாமல் இருக்க, ஹெல்மெட்டைத் தோள்மேல் அமரும் சட்டத்தோடு பிணைக்கும் ‘ஹான்ஸ்’ கருவி 2003-இல் ஃபார்முலா 1-இல் கட்டாயமானது. 2005-இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநராகக் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் களமிறங்கியபோது அவருடைய தலை அப்படிப் பிணைக்கப்பட்டே இருந்தது.

சாலைக்கும் இதே பாடம் சட்டமாகவே வந்திருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 129-ஆம் பிரிவில், வாரால் தலையோடு இறுகக் கட்டப்பட்டதையே பாதுகாப்புத் தலையணி என்று விளக்குகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டது. 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இருசக்கர ஹெல்மெட்டை விற்பதற்குத் தடை. வாரை மாட்டாமல் போட்டிருப்பவர் சட்டத்தின் கண்ணில் ஹெல்மெட் போடாதவர்தான்.

வாங்கும்போது தையல்காரர் நாடாவால் புருவத்துக்கு ஒரு விரல் மேலே தலையைச் சுற்றி அளந்துகொள்ள வேண்டும். போட்டதும் இரு கன்னமும் மெல்ல அழுந்த வேண்டும். தலையை இடமும் வலமும் ஆட்டினால் ஹெல்மெட்டோடு நெற்றித் தோலும் சேர்ந்து நகர வேண்டும். வாருக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் இடம் போதும். பிறகு வாரை மாட்டியபடியே, வேறொருவரைப் பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் தூக்கித் தள்ளச் சொல்ல வேண்டும். லாவ்டாவுக்குக் கழன்றது போல் அது கண்ணுக்கு முன்னால் உருண்டு வந்தால், கடைக்காரரிடம் ஓர் அளவு சிறியதாகக் கேட்டு, இதே சோதனையை முதலிலிருந்து செய்து பார்க்க வேண்டும்.