நூறு வீட்டுக்கு ஒரே நகல் போதுமா?

பழனி மலையின் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது ஆடலூர். அங்கே 100 வீடுகள் ஒரே கிரிக்கெட் ஆட்டத்தை இணையத்தில் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு 4 மெகாபிட் என்றால், மலையேறும் கேபிளில் 400 மெகாபிட் சுமை. மல்டிகாஸ்ட் என்ற முறையில் ஒரே நகல்தான் ஏறும்; ஊர் ரௌட்டர் கேட்ட வீடுகளுக்கு மட்டும் பிரித்துக் கொடுக்கும். எவ்வளவு மிச்சம்!

நடுவில் விபிஎன் வந்தால் மல்டிகாஸ்ட் ஏன் தடுமாறுகிறது? விபிஎன்னின் வழக்கமான ஐபிசெக் சுரங்கம், 224 முதல் 239 வரையிலான எண்களில் தொடங்கும் மல்டிகாஸ்ட் குழு முகவரிகளை ஏற்பதில்லை. அதனால் பொட்டலத்தை ஜிஆர்இ உறையில் இட்டு, பிறகு பூட்டி அனுப்புகிறார்கள். சுரங்கத்தின் இரு முனையிலும், மல்டிகாஸ்டுக்கு வழி அமைக்கும் பிம் நெறிமுறை இயங்க வேண்டும்.

அப்போதும் படம் வரவில்லையா? அனுப்பியவர் இருக்கும் திசையிலிருந்து வராத பொட்டலத்தை ரௌட்டர் சத்தமின்றி எறிந்துவிடும். மூல முகவரிக்கான வழி சுரங்கத்தைக் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள்.