"சும்மா சளிதாங்க ஐயா!"

போன ஐப்பசியில் ஒரு காலை நேரம். அடி அண்ணாமலையில் நான் வைத்தியம் பார்க்கும் இடத்துக்கு ஒரு பெண் தன் மாமியாரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். கிரிவலப் பாதையில் பூ விற்கும் அம்மா. வயது அறுபத்தைந்துக்கு மேல். சர்க்கரை வியாதி உண்டு.

"அத்தைக்கு நாலு நாளா சளி ஐயா. பெரிசா காய்ச்சல்கூட இல்ல. கஷாயம் குடுத்தீங்கன்னா போதும்."

நான் நாடி பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த அம்மா ஒரு நிமிஷத்தில் 34 தடவை மூச்சு விட்டார்!

"ஏம்மா, ராத்திரி எப்படி இருந்தாங்க?"

"தூங்கிக்கிட்டேதான் இருக்காங்க. எழுப்பினா, 'நீ யாரு?'ன்னு கேக்குறாங்க."

உடனே ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மருமகளுக்கு என் மேல் வருத்தம்தான். "கஷாயம் இல்லீங்களா?" என்றாள். "அத்தை நல்லபடியா திரும்பி வரட்டும், தர்றேன்" என்றேன். நிமோனியாவாம். ஆக்சிஜன் வைத்தார்கள். பத்து நாள் கழித்து நடந்தே வந்தார்.

நாடிக்கு முன்னால் மூச்சை எண்ணும் பழக்கம் எனக்குக் கல்லூரியில் வந்ததல்ல. பல வருஷங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு பெரியவர் வந்தார். மூன்று நாள் குடிநீர் கொடுத்தேன். நாலாம் நாள் அவர் இல்லை. அன்று நான் எண்ணாமல் விட்டதைத்தான் இன்று எண்ணுகிறேன்.

கணக்கில் வராத சாவு

ஃப்ளூ என்கிற இன்ஃப்ளூயன்ஸா, மூக்கு ஒழுகுகிற சாதாரண ஜலதோஷம் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வருஷத்துக்கு 2 லட்சத்து 90 ஆயிரம் முதல் 6 லட்சத்து 50 ஆயிரம் பேர் வரை, ஃப்ளூவால் வரும் மூச்சுக் கோளாறில் மட்டுமே இறக்கிறார்கள்.

'நம்ம ஊர்ல ஃப்ளூவில் யாரும் செத்ததாகக் கேள்விப்பட்டதில்லையே?' என்பீர்கள். உண்மைதான். பெயர் வேறாக இருக்கும்! நிமோனியா, ஆஸ்துமா, சர்க்கரை, மாரடைப்பு என்றுதான் எழுதுவார்கள். ஃப்ளூ கண்ட முதல் 7 நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சுமார் 6 மடங்கு என்று கனடாவில் 2018-ல் ஓர் ஆய்வு சொன்னது. காய்ச்சலை மறந்துவிட்டு, 'திடீர்னு போயிட்டாரு' என்கிறோம்.

1918-ல் பம்பாய் வழியாக நுழைந்த இன்ஃப்ளூயன்ஸா, இந்தியாவில் ஒரு கோடிக்கும் அதிகமானவர்களைக் கொண்டுபோனது. 1921 ஜனத்தொகைக் கணக்கில், 1911-ஐ விட ஆட்களே குறைந்திருந்தார்கள்! 2009-ல் பன்றிக் காய்ச்சல் என்று பயந்தோமே, அந்த எச்1என்1 இன்று வருஷா வருஷம் வந்து போகிற ஃப்ளூக்களில் ஒன்று. கைக்குழந்தைகளை மூச்சுத் திணற வைக்கும் ஆர்.எஸ்.வி., கொரோனா என்று இன்னும் சில வைரஸ்களும் கூட உண்டு.

மழையும் தீபமும்

வட இந்தியாவில் பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஃப்ளூ ஏறும். தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான நம் மழைக் காலத்தில் அதிகம். எங்கள் ஊருக்கு அதுவே கார்த்திகை தீப சமயம். 14 கிலோமீட்டர் பாதையில் லட்சக்கணக்கானவர்கள் தோளோடு தோள் உரசி நடப்பார்கள். 2020-ல் கொரோனாவுக்காகப் பௌர்ணமி கிரிவலத்தையே தடுத்தார்கள். ஃப்ளூவுக்கு அப்படித் தடுக்க வேண்டாம். காய்ச்சல், இருமல் இருப்பவர்கள் அடுத்த பௌர்ணமிக்கு வந்தால் போதும். மலை எங்கேயும் போய்விடாது!

என்ன செய்யலாம்?

* ஃப்ளூ தடுப்பூசியை வருஷா வருஷம் போட வேண்டும். வைரஸ் வேஷம் மாற்றிக்கொண்டே இருப்பதுதான் காரணம். பலன் வர இரண்டு வாரம் ஆகும் என்பதால், புரட்டாசிக்குள் போட்டுக்கொள்வது நல்லது. முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை, இருதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரிடம் கேளுங்கள். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த ஊசி கிடையாது. தாய் கர்ப்பத்தில் போட்டுக்கொண்டால் பிள்ளைக்கும் பாதுகாப்பு.

* ஆன்டிபயாடிக் மாத்திரை வைரஸைக் கொல்லாது. மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். ஃப்ளூவுக்கென்று ஓசல்டாமிவிர் இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்து, முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம்.

* சுக்கு, மிளகு, துளசி போட்ட கஷாயம் தொண்டைக்கு இதம். குடியுங்கள். கர்ப்பிணிகள் ஆடாதோடை சேர்க்க வேண்டாம். குழந்தைக்கு ஆவி பிடிக்கிறேன் என்று கொதிக்கும் தண்ணீரை அருகில் வைக்காதீர்கள்.

மூச்சை எண்ணுங்கள்!

ஓய்வாக இருக்கும்போது ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 30, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50, அதற்கும் சின்னக் குழந்தைக்கு 60. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ ஆஸ்பத்திரிதான். உதடு நீலம், நெஞ்சு வலி, குழப்பம், பால் குடிக்காத குழந்தை, விட்ட காய்ச்சல் திரும்பி வருவது... இவையும் அப்படியே. முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் முற்றிவிடும்.

கபசுரம் பற்றிப் படித்துத் தேர்ந்த சித்த வைத்தியன் சொல்கிறேன். மூச்சு திணறும்போது கஷாயத்துக்காக என்னிடம் வராதீர்கள். ஆக்சிஜன் இருக்கிற இடத்துக்குப் போங்கள். திரும்பி வரும்போது வாருங்கள், கஷாயம் தயாராக இருக்கும்.