மெல்லிசை மன்னர்களின் கடைசிப் படம் எது?

இப்படிக் கேட்டால் எல்லாரும் 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) என்றுதான் சொல்வீங்க. பாதிதான் சரி!

1952-இல் 'பணம்' படத்தில் சேர்ந்த விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965-இல் பிரிஞ்சாங்க. வயலின் கலைஞர் ராமமூர்த்தி, நம்ம திருச்சிக்காரர். விஸ்வநாதனைவிட ஆறு வயசு மூத்தவர். ஆனா பேர் மட்டும் எப்பவும் இரண்டாவதா வரும்! பிரிஞ்ச பிறகு 'சாது மிரண்டால்' (1966) போன்ற படங்களுக்குத் தனியா இசையமைத்தார். புகழ் என்னமோ எம்.எஸ்.வி. பக்கம் போயிடுச்சு. சேர்ந்து போட்ட மெட்டில் யார் பங்கு எதுன்னு எப்படிப் பிரிக்கிறது? எனக்கு அதுதான் வருத்தம்.

முப்பது வருஷம் கழிச்சு, 1995-இல், சத்யராஜ் நடித்த 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு மறுபடி சேர்ந்தாங்க. அதுதான் உண்மையான கடைசிப் படம். எத்தனை பேருக்குத் தெரியும்?

'ஆயிரத்தில் ஒருவன்' 2014-இல் டிஜிட்டலில் திரும்ப தியேட்டருக்கு வந்தது. ராமமூர்த்தி அதுக்கு முந்தின வருஷமே காலமாகிட்டார்.