பெட்டகம் நம்முடையது, திறவுகோல் யாருடையது?

சாத்தாங்காடு என்றதும் சென்னைவாசிகளுக்கு இரண்டு காட்சிகள் நினைவுக்கு வரும். ஒன்று, ஜார்ஜ் டவுன் நெரிசலைக் குறைப்பதற்காகச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் அமைத்த இரும்பு, எஃகுச் சந்தை. மற்றொன்று, துறைமுகத்துக்குச் செல்லக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. இவ்விரண்டையும் இணைக்கும் மூன்றாவது காட்சி ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் உருவாகி வருகிறது. கடைகளின் கொள்முதல், இருப்பு, நிலுவைக் கணக்குகள் பேரேட்டிலிருந்து கணினிக்கும், கடையிலுள்ள கணினியிலிருந்து எங்கோ உள்ள வாடகைக் கணினிக்கும் இடம்பெயர்கின்றன. அங்கும் அவை 'பெட்டகங்களில்'தான் வைக்கப்படுகின்றன.

1956 ஏப்ரல் 26-ஆம் தேதி அமெரிக்காவின் நெவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்ட 'ஐடியல் எக்ஸ்' கப்பல், 58 சரக்குப் பெட்டகங்களை ஏற்றிச் சென்றது. மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கிய காலம் அதன்பின் மெல்ல முடிவுக்கு வந்தது. பெட்டகத்தின் அளவுகள் சர்வதேசத் தரமாக்கப்பட்டதால், உள்ளே என்ன சரக்கு என்று அறியாமலேயே எந்தப் பளுதூக்கியும் அதைத் தூக்கலாம். எந்தக் கப்பலும், லாரியும் அதைச் சுமக்கலாம். சென்னைத் துறைமுகத்தில் பெட்டக முனையம் 1983-இல் செயல்பாட்டுக்கு வந்தது.

மென்பொருளுக்கும் இதே சிக்கல் இருந்தது. ஒரு கணினியில் நன்றாக இயங்கும் நிரல், துணை நிரல்களின் பதிப்பு சற்று மாறினாலும் வேறொரு கணினியில் இயங்க மறுக்கும். 2013-இல் வெளியான 'டாக்கர்' என்னும் கருவி இதற்கு எளிய வழி கண்டது. நிரலையும் அதற்குத் தேவையான துணை நிரல்களையும் ஒரே பெட்டகத்தில் அடைத்துவிட்டால், டாக்கர் உள்ள எந்த லினக்ஸ் கணினியிலும் அது பெரும்பாலும் ஒரே விதமாக இயங்கும். 2015-இல் இப்பெட்டகங்களுக்கும் பொதுத் தரம் வகுக்கும் முயற்சி தொடங்கியது.

பெட்டகத்தை வைக்க இடம் வேண்டுமல்லவா? அதுதான் மெய்நிகர் கணினி. ஒரு பெரிய கணினியை மென்பொருள் மூலம் பல கணினிகளாகப் பகுக்கும் இந்த உத்தி 1960-களிலேயே ஐபிஎம் நிறுவனத்தில் உருவானது. பரந்த சரக்கு முற்றத்தில் சுற்றுச்சுவர் எழுப்பித் தனித்தனி மனைகளாக வாடகைக்கு விடுவதைப் போன்றது இது. ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் தனி இயங்குதளம் உண்டு. ஒரே மனையில் அடுக்கப்பட்ட பெட்டகங்களோ தரையைப் பகிர்ந்துகொள்வதுபோல், ஒரே இயங்குதளத்தின் கருவைப் பகிர்ந்துகொள்கின்றன. எனவேதான் அவை எடை குறைந்தவை. சில நொடிகளில் தொடங்கக் கூடியவை.

அமைக்கும் முறையும் கடினமன்று. சேவை நிறுவனத்தில் கணக்குத் தொடங்கி, நினைவகத்தின் அளவையும் இயங்குதளத்தையும் தெரிவு செய்கிறோம். நம் கணினியில் ஒரு ஜோடித் திறவுகோல்களை உருவாக்குகிறோம். அவற்றில் பொதுத் திறவுகோல் வாடகைக் கணினியில் பதியப்படுகிறது. தனித் திறவுகோல் நம்மைவிட்டு ஒருபோதும் நீங்கலாகாது. பின்னர், 1995-இல் பின்லாந்தில் உருவான 'எஸ்எஸ்ஹெச்' என்னும் மறைகுறியாக்க வழியில் அக்கணினிக்குள் நுழைந்து, டாக்கரை நிறுவி, பெட்டகத்தை இயக்குகிறோம். தேவையான இணைப்பு வாயில்களை மட்டும் திறந்து, மற்றவற்றை மூடிவிட வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள் இங்கே அவசியம். துறைமுகத்தில் உரிய காலத்தில் எடுக்கப்படாத பெட்டகத்துக்குத் தாமதக் கட்டணம் ஏறுவதுபோல, பயன்படுத்தாத வாடகைக் கணினிக்கும் அதை நீக்கும்வரை கட்டணம் ஏறலாம். அடுத்து, பெட்டகத்துக்குள்ளேயே எழுதப்பட்ட தரவு, பெட்டகத்தை நீக்கும்போது அதனுடன் அழிந்துவிடும். கணக்கு விவரங்களைப் பெட்டகத்துக்கு வெளியே தனிச் சேமிப்பில் வைத்து, அதற்கு நகலும் எடுப்பதே முறை.

பொருளியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில் என் கவலை வேறொன்று. தரப்படுத்தல் செலவைக் குறைக்கும். ஆனால் அதன் பயன் யாருக்குச் சேரும் என்பதைக் கட்டுப்பாடு யார் கையில் உள்ளது என்பதே தீர்மானிக்கும். சரக்குப் பெட்டகம் உலக வணிகத்தைப் பெருக்கியது. துறைமுகங்களில் சுமை தூக்கிய எண்ணற்றோரின் வேலையையும் பறித்தது.

என் முன்னாள் மாணவர் ஒருவர் இரும்பு வணிகர். அவருக்குக் கணக்கு மென்பொருளை அமைத்துத் தந்தவர் வெளிநாடு சென்றுவிட்டார். கணினி இயங்குகிறது; திறவுகோல் இல்லை. திறவுகோல் தொலைந்தாலும், சேவை நிறுவனத்தில் கணக்கு நம் பெயரில் இருந்தால் பெரும்பாலும் மீண்டும் நுழைய வழி உண்டு. இங்கோ கணக்கும் அமைத்தவரின் பெயரிலேயே தொடங்கப்பட்டிருந்தது. மாதந்தோறும் பணம் செலுத்தியவர் இவர். சட்டப்படி வாடிக்கையாளர் வேறொருவர். பல ஆண்டுகளின் நிலுவைப் பட்டியல், சொந்தக்காரருக்கே எட்டாத தொலைவில் இருக்கிறது.

இதற்குத் தீர்வு பெருமுதலீடு கேட்பதன்று. சேவை நிறுவனக் கணக்கு வணிகரின் பெயரிலும் அவரது மின்னஞ்சலிலும் தொடங்கப்பட வேண்டும். அமைத்துத் தருபவருக்குத் தனியாக ஒரு திறவுகோல் வழங்கி, பணி முடிந்ததும் அதை நீக்கிவிட வேண்டும். தரவின் நகல் வணிகரிடம் இருக்க வேண்டும். இம்மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளும்படி வணிகர் சங்கங்கள் தம் உறுப்பினர்களை வலியுறுத்தலாம்.

இந்த வேலையைச் செய்யத்தக்க இளைஞர்களை வெளியில் தேட வேண்டியதில்லை. லினக்ஸும் டாக்கர் இயந்திரமும் திறந்த மூலமென்பொருள்கள். சாதாரண மடிக்கணினியிலேயே மெய்நிகர் கணினியை இலவசமாக உருவாக்கிப் பழகலாம். திருவொற்றியூர், எண்ணூர், இராயபுரம் பகுதி மாணவர்களுக்குக் கல்லூரிகள் இதனைத் தமிழில் விளக்கிக் கற்பிக்குமானால், அருகிலுள்ள சந்தையே அவர்களுக்கு முதல் வேலைக்களமாகும்.

இரும்புப் பெட்டகம் வந்தபோது அதன் விதிகளை வகுத்தவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள். வடசென்னைக்குக் கிடைத்தவை பெரும்பாலும் புழுதியும் நெரிசலுமே. இந்தப் பெட்டகத்தின் திறவுகோலை நம் கையில் வைத்துக்கொள்வதற்குச் சில நாள் பயிற்சியும் சிறிது விழிப்பும் போதும்.