மழை வந்த பிறகு ஃபாலோயர் தேடாதீர்கள்!

2023-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி. மிக்ஜாம் புயல் கொட்டிவிட்டுப் போன தண்ணீர் சென்னையை விட்டு இன்னும் வடியவில்லை.

காரப்பாக்கத்தில் நடிகர் விஷ்ணு விஷால் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. கரண்ட் இல்லை. வைஃபை இல்லை. மொட்டை மாடியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றால்தான் போனில் கொஞ்சம் சிக்னல். அங்கே நின்றுகொண்டு 'எக்ஸ்' தளத்தில் தன் நிலைமையை எழுதிப் போட்டார்.

தீயணைப்பு மீட்புப் படையினர் படகில் வந்தார்கள். அவரையும் கூட இருந்தவர்களையும் ஏற்றிக் கரை சேர்த்தார்கள். படகில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் இந்தி நடிகர் அமீர்கான்! அந்தப் படம் நாடு முழுக்கப் பரவியது.

மீட்புப் படையினரைக் குறை சொல்ல இடமில்லை. காரப்பாக்கத்தில் அன்று ஏற்கனவே படகுகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. நடிகரே அதை எழுதி நன்றியும் சொன்னார். ஆனாலும் அந்தப் படத்தைப் பார்க்கிற சாதாரண ஆளுக்கு ஒரு கேள்வி வரத்தானே செய்யும்?

"அவருக்கு லட்சக்கணக்கில் ஃபாலோயர். எழுதினார், ஊரே பார்த்தது. நமக்கு இருக்கிறது நாற்பது பேர். அதிலே பத்துப் பேர் மச்சான், மாமா. நாம எழுதினா எவன் பார்ப்பான்?"

நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் 2015 வெள்ளத்தில் இருக்கிறது.

டிசம்பர் 1 ராத்திரி

2015 டிசம்பர் 1-ந் தேதி பிடித்த மழை விடவில்லை. மறுநாள் காலை வரைக்குமான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர்! செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரை புரண்டது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம், மணப்பாக்கம், முடிச்சூர் என்று வரிசையாக மூழ்கின. விமான நிலையம் சில நாட்கள் மூடிக் கிடந்தது. 1878-ல் தொடங்கிய 'தி இந்து' பத்திரிகை முதல் தடவையாக ஒருநாள் சென்னையில் வெளிவரவில்லை. மறைமலைநகரில் உள்ள அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியவில்லை என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தில் பேஸ்புக்கும் டுவிட்டரும் வாட்ஸ்அப்பும்தான் தந்தி ஆபீஸ், போலீஸ் கண்ட்ரோல் ரூம் எல்லாம். (அன்றைய டுவிட்டர்தான் 2023 ஜூலையில் 'எக்ஸ்' என்று பெயர் மாறியது.) "நான் பத்திரமாக இருக்கிறேன்" என்று ஒரே தட்டில் சொந்தக்காரர்களுக்குச் சொல்லும் வசதியை பேஸ்புக் சென்னைக்குத் திறந்துவிட்டது.

நடிகர் சித்தார்த், ஆர்.ஜே. பாலாஜி போன்றவர்கள் தங்களுக்கு இருந்த ரசிகர் கூட்டத்தை உதவிப் படையாகத் திருப்பினார்கள். அது பெரிய காரியம். ஆனால் கணிசமான வேலையைச் செய்தவர்கள் பேர் தெரியாத ஆட்கள். வெளியூரிலும் வெளிநாட்டிலும் கரண்டும் இணையமும் உள்ள இடத்தில் உட்கார்ந்துகொண்டு, யாருக்குப் படகு வேண்டும், யாருக்குப் பால் வேண்டும், எந்தக் கல்யாண மண்டபத்தில் இடம் இருக்கிறது என்று பட்டியல் போட்டார்கள். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். யார் வேண்டுமானாலும் சேர்த்து எழுதலாம். இதற்கென்றே ஒரு இணையதளமும் உருவானது.

இவர்கள் பேச்சை ஜனங்கள் எப்படி நம்பினார்கள்?

போன் போட்டுப் பார்த்தார்கள், அவ்வளவுதான்! "இந்த முகவரியில் கர்ப்பிணிப் பெண் சிக்கியிருக்கிறார்" என்று தகவல் வந்தால், அந்த நம்பருக்கு முதலில் போன். நிஜம் என்றால் பட்டியலில் ஏற்று. மீட்டாகிவிட்டது என்றால் அடித்துவிடு. இந்த வேலையைச் சலிக்காமல் செய்த ஆளைத்தான் மற்றவர்கள் தேடிப் பிடித்துப் பின்தொடர்ந்தார்கள்.

இதைச் செய்யாதவர்களால் வந்த தொல்லை கொஞ்சநஞ்சம் அல்ல. திங்கட்கிழமை மீட்கப்பட்டவருக்கு வியாழக்கிழமையும் போன் வரும், "சார், படகு வேணுமா?" என்று. தேதி போடாமல் அனுப்பிய செய்தி சுற்றிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, முதலைப் பண்ணையில் இருந்து முதலைகள் தப்பி ஊருக்குள் வந்துவிட்டன என்று ஒரு புரளி. 'நாசா' எச்சரிக்கை என்று இன்னொரு புரளி. இரண்டுமே கட்டுக்கதை.

மழைக்காரரின் கூட்டம்

இந்த வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் ஒருவர் பெயர் வீட்டுக்கு வீடு அடிபட ஆரம்பித்தது. 'தமிழ்நாடு வெதர்மேன்' என்று பேஸ்புக்கில் எழுதும் பிரதீப் ஜான். இவர் வானிலைத் துறை ஊழியர் அல்ல. வேறு உத்தியோகம் பார்த்துக்கொண்டே மழையைப் பற்றி எழுதியவர்.

சினிமா முகம் கிடையாது. டான்ஸ் கிடையாது. எப்படிச் சேர்ந்தது இத்தனை கூட்டம்?

அவர் காட்டும் ரேடார் படம் பரம ரகசியம் அல்ல. வானிலைத் துறையின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். ஆனால் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக இருக்கிற அந்தப் படத்தைப் பார்த்து, "எங்க ஏரியாவுக்கு மழை வருமா, வராதா?" என்று ஒரு மளிகைக் கடைக்காரர் எப்படித் தெரிந்துகொள்வது? அதைத்தான் இவர் ஊர் பெயரைச் சொல்லி எளிமையாக எழுதினார். மழை சீசன் வந்தால் தினமும் எழுதினார். பயப்பட வேண்டாம் என்றால் பயப்பட வேண்டாம் என்றே எழுதினார். பீதி கிளப்பினால் கூட்டம் இன்னும் வேகமாகச் சேர்ந்திருக்கும். அதைச் செய்யவில்லை. அதிகாரபூர்வ அறிவிப்புக்கு வானிலைத் துறையைப் பாருங்கள் என்றும் சொல்லிவந்தார்.

விளைவு? இவர் ஒரு வரி எழுதினால் போதும், கீழே "சார், நாளைக்கு ஸ்கூல் லீவா?" என்று பிள்ளைகள் வரிசை கட்டுகிறார்கள். லீவு விடுவது கலெக்டர் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கிற பிள்ளைகளா அவை!

சென்னை போக்குவரத்து போலீசாரின் பக்கத்துக்கும் இதே ரகத்தில் ஆதரவு உண்டு. ஹெல்மெட் போடாமல் போனவன், நோ என்ட்ரியில் வந்தவன் என்று பொதுமக்கள் படம் எடுத்துப் போட்டால், அபராதம் போட்டாச்சு என்று பதிலே வந்துவிடுகிறது. புகார் கொடுத்தவருக்கு அதைவிடச் சந்தோஷம் என்ன இருக்கிறது? பதில் வருகிற இடத்துக்குத்தான் ஆள் திரும்பி வருவான். கடைக்கும் அதே கணக்குத்தானே!

காசு கொடுத்து வாங்கிய கூட்டம்

இப்படி உழைக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு என்றே ஒரு சந்தை நடக்கிறது. "சில நூறு ரூபாய் கொடுங்கள், ஆயிரம் ஃபாலோயர் தருகிறோம்" என்று வியாபாரம். தருவார்கள். எல்லாம் டம்மி கணக்குகள். படமும் இருக்காது, ஆளும் இருக்காது. புதுசாக ஜவுளிக்கடை திறந்தவர் இதை வாங்கினால் ஒரு துண்டுகூட விற்காது. 2018 ஜூலையில் டுவிட்டர் நிறுவனம் சந்தேகத்துக்குரிய கணக்குகளை எண்ணிக்கையில் இருந்து தூக்கியபோது உலகம் முழுக்கப் பெரிய பெரிய ஆட்களின் ஃபாலோயர் கணக்கே இறங்கிப் போனது.

உயிரைப் பணயம் வைத்துக் கூட்டம் சேர்க்கிறவர்கள் இன்னொரு ரகம். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே தேசிய நெடுஞ்சாலையில் பைக்கை முன்சக்கரம் தூக்கி ஓட்டிய யூடியூப் இளைஞர் தூக்கி எறியப்பட்டார். கை முறிந்தது. வழக்கு, ஜெயில். லைசென்ஸ் 10 ஆண்டுக்கு ரத்து. அவருக்குப் பின்னால் இருந்த லட்சக்கணக்கான பேரில் பாதிப்பேர் பள்ளிக்கூடப் பையன்கள் போல இருந்ததுதான் பெற்றோருக்கு வயிற்றைக் கலக்கியது.

நேர்மையாகச் சேர்த்த கூட்டத்துக்கும் ஆபத்து உண்டு. 2020 ஜூன் 29-ந் தேதி மத்திய அரசு 59 சீன செயலிகளுக்குத் தடை போட்டது. அதில் டிக்டாக்கும் ஒன்று. வருஷக்கணக்கில் ஆடிப்பாடி லட்சம் லட்சமாக ரசிகர்களைச் சேர்த்தவர்கள் விடிந்து பார்த்தால் ஒருவரும் இல்லை. ஒரே கடையில் எல்லா சரக்கையும் வைத்தவர்கள் பாடு அது. யூடியூபிலும் கால் வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள்.

லைக் போட்டால் சம்பளம் என்று கிளம்பிய மோசடியையும் இங்கே சொல்லியாக வேண்டும். "வீட்டில் இருந்தே வேலை. வீடியோவுக்கு லைக் போடுங்க, ஐம்பது ரூபாய்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். முதல் நாள் நிஜமாகவே நூறோ இருநூறோ அக்கவுண்டில் விழும். பிறகு டெலிகிராம் குரூப்பில் சேர்ப்பார்கள். அங்கே பத்துப் பேர் "எனக்கு இவ்வளவு வந்தது" என்று படம் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பத்துப் பேரும் அவன் ஆட்கள்! பிறகு பணம் கட்டச் சொல்வான். கட்டக் கட்ட லாபம் ஸ்கிரீனில் ஏறும், கைக்கு வராது. ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு இருக்கிறது.

தெரு குரூப் எப்படி இருக்கிறது?

சரி, நாற்பது ஃபாலோயர் உள்ளவர் என்ன செய்வது?

அவருக்கு லட்சம் பேர் வேண்டாம். தெருவில் நூறு பேர், வார்டு கவுன்சிலர், மாநகராட்சி என்ஜினீயர், இரண்டு மூன்று தொண்டர்கள், ஒரு டாக்டர் இருந்தால் போதும். வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் 1,024 பேர் வரை சேரலாம். ஒரு தெருவுக்கு இது தாராளம்.

ஆனால் பல தெரு குரூப்களின் லட்சணம் என்ன? காலையில் ரோஜாப்பூ படத்தோடு குட்மார்னிங். மத்தியானம் கட்சிச் சண்டை. ராத்திரி மருத்துவக் குறிப்பு. விளைவு, பாதிப்பேர் சத்தத்தை அணைத்துப் போட்டுவிடுகிறார்கள். ராத்திரி ஒரு மணிக்கு "எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு" என்று ஒருவர் எழுதினால் காலை ஏழு மணிக்குத்தான் "அச்சச்சோ" என்று பதில் வரும்!

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. அரட்டைக்கு ஒரு குரூப், அவசரத்துக்கு ஒரு குரூப். இரண்டாவதில் பூ கிடையாது, கட்சி கிடையாது. அட்மின் கண்டிப்பாக இருக்க வேண்டும். மைத்துனர் என்றாலும் தூக்க வேண்டும்.

மழை இல்லாத நாளில் அந்த குரூப்புக்கு உயிர் கொடுப்பது சின்னச் சின்ன காரியங்கள். தெருவிளக்கு எரியவில்லையா? 1913-ல் புகார் சொல்லிவிட்டு, கம்பத்தில் உள்ள எண்ணையும் படத்தையும் மாநகராட்சியின் 'எக்ஸ்' பக்கத்தில் போடுங்கள். தெருப் பெயர், பக்கத்தில் உள்ள கோவிலோ கடையோ, தேதி எல்லாம் இருக்கட்டும். "நாடு நாசமாப் போச்சு" என்று எழுதினால் எந்த என்ஜினீயருக்கும் எந்தத் தெரு என்று தெரியாது. விளக்கு எரிந்தால் அந்தப் படத்தையும் போட்டு நன்றி சொல்லுங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை. நன்றி சொன்ன ஆளின் அடுத்த புகார் தனியாகத் தெரியும். இப்படி நாலு தடவை நடந்தால் பக்கத்துத் தெருக்காரர்களும் உங்களைப் பின்தொடர ஆரம்பித்துவிடுவார்கள்.

தகவலை அனுப்பும் முன் ஒரு போன் போட்டுப் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கொடூரமான சாட்சி இருக்கிறது. 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் புரளி பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோவிலுக்குக் காரில் போன ஒரு சென்னைக் குடும்பம் வழி கேட்க நின்றது. அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லெட் கொடுத்தார் ஒரு மூதாட்டி. கடத்தல்காரி என்று நினைத்த கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அவருக்கு வயது 65. அந்தச் செய்தியைத் தட்டிவிட்டவர்கள் எல்லாம் "நாலு பேருக்கு நல்லது" என்று நினைத்துத்தான் அனுப்பியிருப்பார்கள்.

நாடு முழுக்க இப்படி உயிர்கள் போன பிறகுதான், 2018 ஜூலையில், ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஒரு செய்தியைத் திருப்பி அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

வெள்ளத்தில் சிக்கினால்

உதவி கேட்டு எழுதுகிறவர்கள் ஒரே செய்தியில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். கதவு எண், தெரு, எந்த மாடி, எத்தனை பேர், அதில் வயதானவர்கள், கைக்குழந்தை உண்டா, தண்ணீர் எவ்வளவு உயரம், போன் நம்பர், எழுதிய தேதி, நேரம். படமும் வீடியோவும் அப்புறம். சார்ஜ் தின்றுவிடும். மீட்டதும் முதல் வேலையாக அந்தச் செய்தியை அழித்துவிட்டு "வந்துவிட்டோம்" என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் இன்னொருவருக்குப் போக வேண்டிய படகு உங்கள் காலி வீட்டுக்கு வரும்.

இன்னொரு விஷயம். 2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் அடித்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. கரண்ட் போனது. செல்போன் கோபுரங்களும் பல இடங்களில் படுத்துவிட்டன. லட்சம் ஃபாலோயர் இருந்தவரும் நாற்பது பேர் இருந்தவரும் அன்று ஒன்றுதான்.

ஆகவே தெரு குரூப்பில் உள்ள முக்கியமான நம்பர்களைக் காகிதத்தில் எழுதி, முனையில் உள்ள மளிகைக் கடையிலோ டீக்கடையிலோ ஒட்டிவையுங்கள். யார் வீட்டில் நடக்க முடியாத பெரியவர் இருக்கிறார், யாரிடம் இன்வெர்ட்டர் இருக்கிறது, யாருக்கு நீச்சல் தெரியும் என்பதையும் நாலு பேர் தெரிந்து வைத்திருக்கட்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் இது முடிந்துவிட வேண்டும்.

காகிதத்தில் மேலே எழுத வேண்டிய நம்பர்கள்: மாநகராட்சி 1913, அவசர உதவி 112, தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108, மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.