மூச்சை விலைகொடுத்து வாங்குமுன்

புளியங்குளம் கடற்கரை ஊரன்று. யாழ்ப்பாணம் - கண்டி நெடுஞ்சாலையில், வவுனியாவுக்கு வடக்கே, நெடுங்கேணி வழியாக முல்லைத்தீவுக்குச் செல்லும் பாதை பிரியுமிடத்தில் அது அமைந்துள்ளது. குளமும் வயலும் காடுமே அவ்வூராரின் அன்றாட உலகம். ஆயினும், கைத்தொலைபேசியின் திரையை விரலால் தொட்ட மாத்திரத்தே, ஆழ்கடலில் மீன்களோடு உலாவும் சுழியோடியின் படமும், அவன் அணிந்துள்ள கருவிகளின் விலைப்பட்டியலும் இன்று அங்கேயும் தோன்றுகின்றன. பணத்தைச் செலுத்திவிட்டால் பொதி வீடு தேடி வந்துவிடும். இக்கருவிகளை இவ்வாறு வாங்கலாமா என்று மாணவர் கேட்கின்றனர். விடை கூறுமுன், அக்கருவி செய்யும் வேலை யாது என்பதை அறிதல் நன்று.

நீருள் மூழ்கித் தொழில் புரிவது நம்மவர்க்குப் புதியதன்று. மன்னார்க் கடலில், அரிப்பு, சிலாவத்துறைப் பகுதிகளிலே முத்துக்குளித்தோர் கல்லொன்றின் பாரத்தால் அடிநிலத்தை அடைந்து, ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் மூச்சடக்கிச் சிப்பி திரட்டி மீண்டனர். மேலே தோணியில் கயிற்றைப் பிடித்து நின்றவனே அவர்களுக்குக் காவல். 1943-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டவரான கூஸ்தோ, கான்யான் என்னும் இருவர், வேண்டும்போது வேண்டிய அளவு காற்றைத் தானே வழங்கும் சீராக்கியை ஆக்கினர். அன்றுமுதல் சுழியோடி தன் மூச்சை முதுகிற் சுமந்து செல்லலானான்.

இலங்கைக்கும் இவ்வித்தை விரைவில் வந்தது. 1956-இல் இங்கு குடியேறிய எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க், தம் நண்பர் மைக் வில்சனுடன் திருகோணமலைச் சுவாமி மலையடியில் மூழ்கி, 17-ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்கள் கடலடியிற் கிடப்பதைக் கண்டார். 1961-இல் வில்சன், தென்கிழக்குக் கரைக்கப்பாலுள்ள பெரிய பாசஸ் பாறைத்தொடரில், ஒளரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்களுடன் மூழ்கிய கப்பலொன்றின் எச்சங்களைக் கண்டெடுத்தார். இவற்றைக் கேட்கும் இளைஞர் உள்ளம் துள்ளுவது இயல்பே.

ஆயின், துள்ளும் உள்ளத்துக்குப் பௌதிகவியல் விலக்களிப்பதில்லை. கடல்நீரிற் பத்து மீற்றர் இறங்கினால் உடலைத் தாக்கும் அமுக்கம் இருமடங்காகும். அமுக்கம் இருமடங்கானால் வாயுவின் கனவளவு பாதியாகும் என்பது போயிலின் விதி. மாணவர் இதனை வகுப்பிற் கற்றுள்ளனர். முத்துக்குளித்தோர் மேலே நிரப்பிய மூச்சோடு இறங்கினர். அது கீழே சுருங்கி, மேலே வருங்கால் பழைய அளவையே எய்திற்று. சிலிண்டர் பூண்டவனோ பத்து மீற்றர் ஆழத்திலேயே சுவாசப்பையை நிரப்புகின்றான். அம்மூச்சை அடக்கியபடி அவன் மேலெழுந்தால், அது இருமடங்காக விரிந்து சுவாசப்பையைக் கிழித்துவிடும். ஆதலால், ஒருபோதும் மூச்சை அடக்காதே என்பதே இவ்வித்தையின் முதற் பாடம்.

இன்னொன்றையும் நோக்குக. முப்பது மீற்றரிலிருந்து இருபது மீற்றருக்கு வந்தால் அக்காற்று மூன்றிலொரு பங்கே பெருகும். பத்திலிருந்து மேற்பரப்புக்கு வந்தாலோ இருமடங்காகும். எனவே மேல்நீரே கூடுதலாக ஏமாற்றும். "கடலுக்குப் போகவில்லை, நம் குளத்திலேதான் பரீட்சித்துப் பார்க்கிறோம்" என்று கூறும் பிள்ளைகளின் பெற்றோர் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும். ஆளுயர நீரிலும் இந்த ஆபத்து உண்டு.

எம்மிடம் முன்னர்ப் பயின்ற இளைஞரொருவர், முல்லைத்தீவுக் கரையிற் கடலட்டை பிடிக்கும் தொழிலிற் சேர விரும்பி எம்மை நாடி வந்தார். பிறர் பாவித்த சீராக்கியொன்று அரைவிலைக்கு இணையத்தளத்தில் வந்திருப்பதாகவும், அதன் ஆங்கில விபரத்தைப் படித்துக் கூறுமாறும் கேட்டார். நிறமும் பளபளப்பும் விதந்து கூறப்பட்டிருந்தன. அது கடைசியாக எப்போது கழற்றிச் செப்பனிடப்பட்டது என்பதற்கு ஒரு வரியுமில்லை.

"தம்பி, இது பழுதுபட்டால் உதிரிப்பாகம் எங்கே எடுப்பீர்?" என்று வினவினோம்.

"அது தெரியாது, சேர். விலைதான் வாய்ப்பாக இருக்குது" என்றார்.

விலை வாய்ப்பாக இருப்பதன் காரணமும் அதுவாகவே இருக்கக்கூடும் என்றோம். சற்று யோசித்த அவர், அப்பணத்தை முதலிற் பயிற்சிக்குச் செலவிட ஒப்பினார்.

அதுவே முறை. முதலில் வாங்கவேண்டியது கருவியன்று, கல்வி. நிலாவெளி, உப்புவெளி போன்ற இடங்களிற் பயிற்சி நிலையங்கள் உண்டு. கிழக்குக் கடல் தெளிந்திருக்கும் சித்திரை முதற் புரட்டாதி வரையான காலம் அதற்கு உகந்தது. பயிலுங்காலத்திற் கருவிகளை அவர்களே தருவர். பல வகைகளை அணிந்து பார்த்தபின்னரே தமக்கு ஏற்றது எதுவெனத் தெரியவரும்.

அதன்பின் சிறுகச் சிறுக வாங்கலாம். முதலிடம் முகக் கண்ணாடிக்கு. நீச்சற் கண்ணாடி இதற்கு உதவாது. மூக்கையும் மூடுவதாக இருத்தல் வேண்டும். வாரை மாட்டாமல் முகத்திற் பொருத்தி, மூக்கினால் மெல்ல உள்ளிழுத்தால் அது கையுதவியின்றி ஒட்டி நிற்கவேண்டும். இச்சோதனையைப் படத்தைப் பார்த்துச் செய்யமுடியாது. ஆகவே அதனைக் கடையிலேயே வாங்குக. காற்துடுப்பு, மூச்சுக்குழாய், பை முதலியவற்றை அளவறிந்து இணையத்தளத்தில் வாங்குவதில் தீங்கில்லை.

சீராக்கி வாங்குவோர் நான்கு வினாக்களுக்கு விடை பெறவேண்டும். விற்பவர் அதனை ஆக்கிய நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றவரா? ஈ.என். 250 என்னும் ஐரோப்பிய நியம இலக்கமும் தொடரிலக்கமும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளனவா? கவ்விப் பொருத்தும் வகையா, திருகிப் பொருத்தும் வகையா. அது நாம் பாவிக்கும் சிலிண்டருக்கு இசையுமா? அதனைச் செப்பனிடுவோர் இந்நாட்டில் உளரா? இவற்றோடு, சுங்கத் தீர்வையையும் திருப்பியனுப்பும் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்தால், மலிவு பல வேளைகளில் மறைந்துவிடும்.

சிலிண்டரை வாடகைக்கு எடுப்பதே புதியவர்க்கு நன்று. நிரப்பிய சிலிண்டரை விமானத்தில் ஏற்றார். உட்புறத்தை ஆண்டுதோறும் பார்வையிடுவதும், ஐந்தாண்டுக்கொருமுறை நீரமுக்கத்தாற் சோதிப்பதும் பல நாடுகளில் வழக்கம். அதிலுள்ளது ஒட்சிசன் என்று பலர் எண்ணுகின்றனர். அது வடித்து அமுக்கிய சாதாரண வளியே. தூய ஒட்சிசன் ஆறு மீற்றருக்குக் கீழே நஞ்சாகி வலிப்பை உண்டாக்கும். ரயருக்குக் காற்றடிக்கும் இயந்திரமும் இதற்கு ஆகாது. எண்ணெய்ப் புகையும் காபனோரொட்சைட்டும் அக்காற்றிற் கலந்திருக்கலாம்.

மாணவர் ஒரு கணக்கும் செய்து பார்க்கலாம். 11 லீற்றர்ச் சிலிண்டரில் 200 வளிமண்டல அமுக்கத்திற் காற்றிருந்தால், அது 2,200 லீற்றராகும். நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிப்பவனுக்கு மேற்பரப்பில் 110 நிமிடம் போதும். பத்து மீற்றரில் 55 நிமிடம். இருபதில் 37 நிமிடத்துக்கும் குறைவு. மீள்வதற்கான காற்றையும் இதற்குள்ளேயே மிச்சப்படுத்தல் வேண்டும்.

இறுதியாக, நெடுநேரம் ஆழத்திலிருப்போர் குருதியில் நைதரசன் கரைகின்றது. விரைந்து மேலெழுந்தால், மூடி திறந்த சோடாப் போத்தலிற்போல் அது குமிழியாகி, மூட்டுவலியையும் சிலவேளை முடக்குவாதத்தையும் தருகின்றது. நாளொன்றுக்குப் பலமுறை மூழ்கும் அட்டைத் தொழிலாளர்க்கு இவ்வபாயம் மிகுதி. ஆதலால் நிமிடத்துக்கு ஒன்பது மீற்றருக்கு மேற்படாது எழுந்து, ஐந்து மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடம் தரித்து வருமாறு கற்பிக்கின்றனர். நோய் கண்டால் அமுக்க அறையிற் சிகிச்சை பெறவேண்டும். கரையிற் படுத்துறங்கினாற் சரியாகிவிடும் என்று காத்திருத்தல் கேடாகும்.

ஆழம் தெரியாமற் காலை விடாதே என்றனர் நம் முன்னோர். ஆழமானியைக் கையிற் கட்டிக்கொண்டவனுக்கும் அது பொருந்தும். பிள்ளை இக்கருவிகளைக் கேட்டால், பெற்றோர் வெகுளவும் வேண்டாம், உடனே பணம் கொடுக்கவும் வேண்டாம். பயிற்சிச் சான்றிதழைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பின்னர் அவனையே பக்கத்திலிருத்தி, மேற்கூறிய நான்கு வினாக்களையும் விற்பவருக்கு எழுதுங்கள். விடை வந்தபின் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.