பித்தளை எட்டிப் பார்க்கும் கேமரா

பழைய ஃபிலிம் கேமரா வாங்க வருகிறவரின் கண் முதலில் போவது அதன் மேல்தட்டுக்குத்தான். ஓரங்களில் கறுப்புப் பெயின்ட் போய், அடியிலிருக்கும் பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்த்தால் விலையைக் குறைத்துக் கேட்பார். கீறலில்லாமல் பளபளத்தால் சொன்ன விலைக்குத் தலையாட்டுவார். கத்தரிக்காய் வாங்க இந்தக் கண் போதும், கேமராவுக்குப் போதாது. கேமராவின் மேற்பூச்சு தேய்வதற்கு ஒரு காரணம், உள்ளுறுப்புகள் கெடுவதற்கு வேறொரு காரணம். பல சமயம் இவை ஒன்றுக்கொன்று நேர் எதிர். மேற்பூச்சு தேய்வது எடுத்துப் புழங்குவதால். உள்ளே கெடுவது பெரும்பாலும் எடுக்காமலே வைப்பதால்.

முதலில் தேய்மானத்தைப் பார்ப்போம். 1954இல் வந்த லைக்கா எம்3 பெரும்பாலும் வெள்ளி நிறக் குரோம் முலாமோடுதான் விற்றது. பளிச்சென்று கண்ணில் படாத கேமரா வேண்டும் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்காகச் சிறிய எண்ணிக்கையில் கறுப்புப் பெயின்ட் அடித்தும் செய்தார்கள். குரோம் உலோகத்தின் மேல் படிந்த உலோகம், எளிதில் விடாது. பெயின்ட் அப்படியல்ல, பித்தளை மேல் போர்த்திய மெல்லிய போர்வைதான் அது. வியர்வை, சட்டைப் பொத்தான், தோள் பையின் ஜிப், வார் கோத்த வளையம் என்று எது உரசினாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். 1971இல் எம்5 கேமராவோடு லைக்கா கறுப்புக் குரோமுக்கு மாறிய பிறகு இந்த மஞ்சள் ஓரங்கள் அருகின. நம் வீடுகளில் பாத்திரத்தின் உள்ளே பித்தளை தெரிந்தால் ஈயம் பூசுகிறவரைத் தேடுவோம். கேமரா உலகில் அதே பித்தளைக்குக் கூடுதல் காசு கொடுக்கிற கூட்டமும் இருக்கிறது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். இங்கே கவனிக்க வேண்டியது தேய்ந்த இடம். வலதுகை பிடிக்கும் மூலை, ஃபிலிமை நகர்த்தும் லீவரின் நுனி, வார் வளையத்தின் சுற்றுப்புறம், மேசையில் வைத்தெடுக்கும் அடித்தட்டு என்று கை போன வழியெல்லாம் பெயின்ட் போயிருக்கும். இவற்றில் ஒன்றுக்கும் ஷட்டரோடு சம்பந்தம் கிடையாது.

உள்ளே நடப்பது வேறு. ஒரு விநாடி, அரை விநாடி போன்ற மெதுவான வேகங்களை நடத்துவது சின்னஞ்சிறு பற்சக்கரங்கள். வருடக்கணக்கில் யாரும் தொடாவிட்டால் அவற்றின் கிரீஸ் இறுகிப் பசையாகும். ஷட்டர் திறந்தபடியே நின்றுவிடும். பின்கதவின் விளிம்பில் ஒளி புகாமலிருக்க ஒட்டிய ஃபோம், கேமராவைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் இருபது முப்பது ஆண்டுகளில் தார் போலப் பிசுபிசுத்து உதிரும். தோல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டிய கேமராவின் கதை இன்னும் மோசம். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், இருட்டு பூஞ்சையை வளர்க்கும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோரக் காற்றில் அந்தப் பூஞ்சை லென்ஸின் மேற்பூச்சையே அரித்து நிரந்தரத் தழும்பாக்கிவிடும். வெளியே கீறல் இராது. பிட்டுப் பார்த்தால்தான் அத்திப்பழம். 1976இல் வந்த கேனன் ஏஇ-1 இதற்கு நல்ல சாட்சி. அதன் மேல்தட்டு உலோகம் போலத் தெரிந்தாலும் முலாம் பூசிய பிளாஸ்டிக். எவ்வளவு தேய்ந்தாலும் அங்கே பித்தளை தெரியப் போவதில்லை. ஆனால் கண்ணாடியைத் தூக்கும் பொறியில் எண்ணெய் வற்றினால், ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் புத்தம் புதிதாகத் தெரியும் அந்தக் கேமரா கீச்சென்று இருமும்.

வெளியே தெரியும் எல்லாக் குறையும் கையால் வந்ததுமல்ல. 1984இல் வந்த லைக்கா எம்6இன் மேல்தட்டு துத்தநாகக் கலவையில் வார்த்தது. பெட்டியை விட்டு அதிகம் வெளியே வராத கேமராவில்கூட முலாமுக்கு அடியில் உலோகம் அரித்துச் சிறு கொப்புளங்கள் எழும்பியிருப்பதுண்டு. பழைய ஜெர்மன் ஸெய்ஸ் கேமராக்களில் தோலுக்கு அடியிலுள்ள பித்தளை ஆணிகள் களிம்பேறி, மேலே பரு பருவாகத் தள்ளும். பார்க்க அருவருப்பு, படத்துக்கு ஒரு கேடும் இல்லை. உண்மையில் பயப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று, கீழே விழுந்ததைச் சொல்லும் மூலை நசுங்கல். மற்றொன்று, பொருந்தாத ஸ்க்ரூட்ரைவரால் குதறப்பட்ட திருகுத் தலைகள். கை தேறாத யாரோ உள்ளே புகுந்து வந்திருக்கிறார் என்று அவை காட்டிக்கொடுக்கும்.

"அதிகம் உழைத்த எந்திரம் அதிகம் தேயாதா?" என்று கேட்பது நியாயமே. செய்தித்தாள் அலுவலகத்தில் தினம் பத்து ரோல் ஓட்டிய நிக்கான் எஃப்பின் ஷட்டர் உண்மையிலேயே களைத்துப் போயிருக்கலாம். ஆனால் மாதம் ஒரு ரோல் எடுத்த வீட்டுக் கேமராவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 36 படம் என்றால் வருடத்துக்கு 432. முப்பது வருடத்தில் பதின்மூவாயிரத்தைத் தாண்டாது. அதே முப்பது வருடத்தில் கழுத்திலும் பையிலும் உரசி அதன் ஓரங்கள் நன்றாகவே வெளுத்திருக்கும். ஆகவே தேய்மானத்தைப் பார்த்து உழைப்பை ஊகிப்பதைவிட, பின்கதவைத் திறந்து ஒரு விநாடி வேகத்தில் ஷட்டர் தானாக மூடுகிறதா என்று பார்ப்பதும், லென்ஸுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பதும் பயன் தரும். இரண்டும் சேர்ந்து இரண்டு நிமிட வேலை.

இன்னொரு ஆட்சேபம் எதிர்த் திசையிலிருந்து வரும். தேய்ந்ததைப் போற்றுவதும் பளபளப்பைப் போற்றுவது போன்ற மோகம்தானே? பல இடங்களில் ஆம். 2015இல் பாடகர் லென்னி கிராவிட்ஸ் பெயரில் லைக்கா ஒரு டிஜிட்டல் கேமராவை 125 செட் மட்டும் வெளியிட்டது. அதன் கறுப்புப் பெயின்ட்டைத் தொழிற்சாலையிலேயே கையால் தேய்த்துப் பழசாக்கியிருந்தார்கள். கையில் காப்புக் காய்க்காமலே காப்பை மட்டும் விலைக்கு வாங்குவது போன்ற காரியம் அது. வெள்ளிநிற எம்3ஐக் கறுப்படித்து, ஓரத்தை உரசி, அசலென்று தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. அந்தப் போலி சீராகவும் அழகாகவும் இருக்கும். கை ஒருபோதும் போகாத இடங்களிலும் தேய்ந்திருக்கும்.

அசல் தேய்மானத்தின் கதை வேறு. 2022இல் ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் நடந்த ஏலத்தில், லைக்காவை உருவாக்கிய ஆஸ்கர் பார்னாக் சொந்தமாக வைத்திருந்த லைக்கா 0 வரிசை 105ஆம் எண் கேமரா 1.44 கோடி யூரோவுக்குப் போனது. பல இடங்களில் பெயின்ட் உதிர்ந்த கேமரா அது. அந்தப் பணம் தேய்மானத்துக்குக் கொடுத்ததல்ல, பார்னாக்கின் பெயருக்குக் கொடுத்தது என்று வாதிடலாம்; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏலத்துக்கு முன் அதற்குப் புதுப் பெயின்ட் அடிக்கலாமே என்று யாராவது சொல்லியிருந்தால், ஏலக்காரருக்கு நெஞ்சு வலி வந்திருக்கும்.